பழனிச்சாமிக்கு ஆட்டம் கொஞ்சம் எச்சுங்க

டிராக்டருக்கு 'ங்க' போட்டுப் பேசிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் அன்னூரில் இருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்தில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவோம் என்பது ஊரறிந்த சங்கதி. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் "ஏனுங்க, என்ற காலுங்க அது" என்றுதான் சொல்வோம். சாபம் விடுவதென்றாலும் "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க" என்று பன்மையில்தான் விடுவோம். ஆனால் எங்கள் மரியாதையெல்லாம் மனுஷரோடு நின்றுவிடும். செயினண்ணன் ஒருவர்தான் அதை டிராக்டருக்கும் கொடுத்தார். அதனால் எனக்கு நடக்க இருந்த கல்யாணமே நின்று போகப் பார்த்தது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், "எதுக்குங்க, எதாச்சும் பத்திரம் எழுதறீங்களா?" என்பார். நான் அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், அன்னூரில் ஒரு டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில் வேலையாக இருந்தேன். என் பெயர் பழனிச்சாமி. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ச் சந்தைக்கு நடுவில் நின்று "பழனிச்சாமி" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். மீதிப் பாதி சுப்பிரமணியமாக இருக்கும்.

எங்கள் கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் செயினண்ணனின் ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப் என்றதும் இன்ஜினைப் பிரித்துப் பரப்பி வைத்திருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் செக் செயினைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். விஷயம் இதுதான்: டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைத் தூக்கிப் பிடிக்க இரண்டு இரும்புக் கைகள் உண்டு. அந்தக் கைகள் இஷ்டத்துக்கு ஆடிப் போய் டயரில் இடிக்காமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு சங்கிலி மாட்டியிருக்கும். சங்கிலிக்கு நடுவில் ஒரு திருகு. திருகி இறுக்கினால் கலப்பை விறைத்துக்கொண்டு நிற்கும். தளர்த்தினால் ஆடும். இறுக்குவது, தளர்த்துவது, தேய்ந்த வளையத்தை மாற்றுவது, வளைந்த பின்னைத் தட்டி நிமிர்த்துவது, இவ்வளவுதான் அண்ணனின் ராஜ்ஜியம். "கிளட்ச் புடிக்க மாட்டீங்குதுங்கண்ணா" என்று யாராவது வந்து நின்றால், "அது வேற டிப்பார்ட்மெண்டுங்க" என்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டிவிடுவார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் ஒரு பல் டாக்டர்.

செக் செயின் விஷயத்தில் அண்ணனுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. "ஆட்டம் இருக்கோணுமுங்க. ரெண்டு வெரல் ஆட்டம். அதுக்கு எச்சா இருந்தா டயருக்குக் கேடு. ஆட்டமே இல்லீனா சங்கிலிக்குக் கேடு" என்பார். அந்த இரண்டு விரலை அவர் விரலால் அளந்து நான் பார்த்ததில்லை. கலப்பைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பால் ஒரு இடி இடிப்பார். அப்புறம் மறுபக்கம் போய் இன்னொரு இடி. தலையை ஆட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இந்தச் சித்தாந்தத்தை அவர் டிராக்டரோடு நிறுத்தியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். டீக்கடை மாஸ்டர் ஒரு தடவை புதிதாக இரும்புக் கால் வைத்த பெஞ்சு ஒன்று வாங்கிப் போட்டார். அண்ணன் உட்கார்ந்து இடுப்பை அசைத்துப் பார்த்தார். பெஞ்சு அசையவில்லை. அவர் முகத்தில் கவலை வந்துவிட்டது.

"ஏனுங்க மாஸ்டர், இத்தன விறைப்பு ஆவாதுங்க. ஒரு நாளைக்குப் படக்குனு ஒடஞ்சு போயிருமுங்க."

போண்டா போடுகிற மும்முரத்தில் இருந்த மாஸ்டர், "செரிங்கண்ணா, பாத்துக்கலாமுங்க" என்றார். அண்ணன் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு ஸ்பேனரைக் கொண்டு வந்து அத்தனை போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டார். மறுநாள் காலை ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். பெஞ்சு மெதுவாகச் சாய்ந்து, அவரைத் தேங்காய்ச் சட்னி வாளிக்குள் மரியாதையாக இறக்கிவிட்டது. மாஸ்டர் கத்திக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"பெஞ்சு ஒடஞ்சுதுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒடையலீங்க, சாஞ்சுபோச்சு!"

"அதைத்தானுங்க நானுஞ் சொல்றேன். ஒடையலீங்கல்ல?"

இன்னொரு தடவை, சங்கிலிக்குப் பதிலாக மாட்டுகிற மாதிரி கெட்டியான இரும்புத் தண்டு ஒன்று எங்கள் கடைக்கு வந்தது. கொண்டுவந்த கம்பெனிக்காரர், "இதைப் போட்டுட்டா ஆட்டமே இருக்காதுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். "அப்படிச் சொல்லாதீங்க. கேக்கறதுக்கே சங்கட்டமா இருக்குது" என்றார். ஒரு விவசாயி அதை வாங்கி மாட்டினார். தண்டு அருமையாக வேலை செய்தது. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. அந்த மனுஷர் அடுத்த வாரம் வந்து அதைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தபோது, "சித்த பாக்கறனுங்க" என்று பின்னால் போய் அதற்கும் இரண்டு விரல் ஆட்டம் வைத்துவிட்டு வந்தார். போகிற வழியிலேயே தண்டு கழன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. "அதுக்கே புடிக்கலீங்க, எறங்கிப்போச்சு" என்று அண்ணன் அனுதாபத்தோடு சொன்னார்.

இப்போது அந்த 'ங்க' விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் டிராக்டர்களை அவற்றின் சொந்தக்காரர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுவார். சுப்பையனுடைய டிராக்டருக்குப் பெயர் சுப்பையன். ரங்கசாமியுடையது ரங்கசாமி. சொந்தக்காரர் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையில் "அது நிக்குது" என்றால் சொந்தக்காரருக்கு மரியாதைக் குறைச்சல் அல்லவா? ஆகவே, "சுப்பையன் அக்கட்டால நிக்கறாருங்க. ரங்கசாமிக்கு ஒரு கை வரமாட்டீங்குதுங்க" என்றுதான் பேசுவார். ஒரு நாள் சுப்பையன், அதாவது மனுஷச் சுப்பையன், டிராக்டரிலிருந்து இறங்கினார்.

"வாங்க வாங்க! சுப்பையனுக்கு ஒடம்பு எப்படி இருக்குதுங்க?" என்றார் அண்ணன்.

"எங்கீங்கண்ணா. சக்கரைதான் எறங்க மாட்டீங்குது. முட்டி வேற வலிக்குதுங்க."

"உங்களக் கேக்கலீங்க" என்று அவரை ஒதுக்கிவிட்டு, அண்ணன் டிராக்டருக்குப் பின்னால் போனார்.

உள்ளூர்க்காரர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. அதே மாதிரி, ஒருத்தரையும் அவர் "வா, போ" என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. என்னைவிட அவருக்கு எப்படியும் பதினைந்து வயது கூட இருக்கும். என்னையும் "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி"தான். கொட்டகையில் படுத்திருக்கும் தெருநாயைக்கூட "எந்திரிச்சு அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். நாயும் அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டு அங்கேயே படுத்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெண்ணின் பெயர் பூங்கொடி. தனியாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை மறந்து நின்றேன். அவள்தான் பேசினாள். "ஸ்பேர்ஸ் கடைன்னா, நல்லா ஓடற வண்டியப் பாத்தாலே உங்களுக்குப் புடிக்காதுங்களா?" என்று கேட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று எனக்கு அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது. அன்னூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுதி வார்த்தை வைப்பதற்கு முன்னால், பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அந்த விசாரணையில் தேறினால்தான் பெண். ஆகவே நான் டீ மாஸ்டரிடமும் பல் டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். என் பல்லைப் பற்றியும் சேர்த்து நல்லவிதமாகச் சொல்வதாக டாக்டர் வாக்குக் கொடுத்தார். செயினண்ணனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் கிடக்கிற மனுஷரை யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பூங்கொடியின் அப்பா வந்த நாளில் நான் சரக்கெடுக்கக் கோயமுத்தூர் போயிருந்தேன். மாஸ்டர் தன் ஊர் நோம்பித் திருவிழாவுக்குப் போனதால் டீக்கடை பூட்டிக் கிடந்தது. பல் டாக்டர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பெண்ணின் அப்பா படியேறவில்லை. மிச்சம் இருந்தது தகரக் கொட்டகைதான். அங்கே கருவலூர்க்காரர் ஒருவரின் டிராக்டர் நின்றது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கருவலூர்க்காரர் பெயரும் பழனிச்சாமி என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அப்புறம் நடந்ததை இரண்டு தரப்பிலும் கேட்டு எழுதுகிறேன். பெண்ணின் அப்பா கால்களுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏனுங்க, பழனிச்சாமியத் தெரியுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்லாத் தெரியுமுங்க. அக்கு அக்காக் கழட்டிப் பாத்திருக்கறனுங்க" என்றன கால்கள்.

"எப்படிங்க?"

"ஒடம்பு இரும்புங்க. ஒழைப்புல கொற சொல்ல முடியாதுங்க."

அவருக்குத் திருப்தி. "பழக்கவழக்கமெல்லாம் எப்படிங்க?" என்றார்.

"தண்ணிதானுங்க கொஞ்சம் எச்சாக் குடிக்கறாரு."

"தண்ணிங்களா!"

"ஆமாங்க. காத்தால ஊத்துனாத்தான் எந்திரிக்கறாரு. மத்தியானம் மறுக்காவும் ஊத்தோணும். இல்லீனா சூடாயிருவாருங்க. பொகையும் கண்டபடிக்கு உடறாரு."

பெண்ணின் அப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணக் கட்டி வெச்சாச் சரியாப் போயிருவாருங்களா?"

"கட்டி வெச்சாத்தானுங்க கேடே. ஆட்டம் தாங்க முடியாது. போன வருசம் கட்டுனது ஒடஞ்சே போச்சுங்க. இப்பப் புதுசா ஒண்ணு கட்டோணுமுன்னு நிக்கறாங்க."

"அப்ப இது ரெண்டாவதுங்களா?"

"நாலாவதுங்க. அதுக்குத்தானுங்க சங்கிலி போட்டே வெச்சிருக்கறேன். அதையும் முந்தாநேத்து அத்துப்போட்டாரு."

பெண்ணின் அப்பா கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. கோபிக்குப் போகிற ஒரு வெங்காய லாரியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் கல்யாணத் தரகர் கடைக்கு வந்தார். என் பக்கத்தில் உட்காராமல் கதவோரமாக நின்றுகொண்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. மத்த மூணு பேரும் இப்ப எங்க இருக்கறாங்க?" என்றார்.

"எந்த மூணு பேருங்க?"

"குடியக்கூட உட்டுப்போடலாமுங்க. ஆனா சங்கிலி போடற அளவுக்கு இருக்கறத மறைச்சிருக்கக் கூடாது. அவங்க வேற எடம் பாக்கறதாச் சொல்லிப்போட்டாங்க."

விவரத்தைத் தரகரிடம் முழுசாகக் கேட்டு வாங்கினேன். நேராகக் கொட்டகைக்குப் போனேன். வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அண்ணனோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, யோசித்து, "நா சொன்னதுல ஒரு வார்த்த பொய் இல்லீங்களே தம்பி" என்றார்.

"அண்ணா, அவரு கேட்டது என்னையப் பத்திங்க!"

"உங்களப் பத்தி எங்கிட்ட எதுக்குங்க கேக்கறாரு? உங்களுக்குச் செக் செயினே இல்லீங்களே."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அப்புறம், "எந்திரிங்க. நாளைக்கு நேர்லயே கூட்டிட்டுப் போய்க் காட்டிரலாமுங்க" என்றார்.

"யாரைங்கண்ணா?"

"பழனிச்சாமியத்தானுங்க."

இப்படியாக மறுநாள் காலை நாங்கள் பெருந்துறைக்கு டிராக்டரில் கிளம்பினோம். ஓட்டியவர் கருவலூர்ப் பழனிச்சாமி. "ஒரு கண்ணாலம் நிக்கப்போவுதுங்க" என்று அண்ணன் சொன்ன ஒரே வார்த்தைக்காக வந்தார். ஒரு பக்க மட்கார்டில் அண்ணன், மறுபக்க மட்கார்டில் வெள்ளை வேட்டியில் நான், பின்னால் சாட்சிக்குப் புதுக் கலப்பை. அந்த வண்டி ரேடியேட்டரில் ஓட்டை. ஊருக்கு ஊர் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனோம். பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டியும் தாண்டிப் போனது. போய்ச் சேர்ந்தபோது என் வேட்டி வெள்ளையாக இல்லை.

பூங்கொடியின் அப்பா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் போனார். அண்ணன் இறங்கிக் கும்பிட்டார்.

"அன்னைக்கு எங்கிட்டத்தானுங்க விசாரிச்சீங்க."

"உங்க மூஞ்சியப் பாத்த மாதிரியே இல்லீங்களே" என்றார் அவர்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். டிராக்டருக்கு அடியில் படுத்துக் காலை மட்டும் வெளியே நீட்டினார். பெண்ணின் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, இவருதானுங்க" என்று ஒப்புக்கொண்டார்.

அடியிலிருந்து அண்ணனின் கை ஒன்று வெளியே வந்து மேலே காட்டியது. "நா சொன்னது இந்தப் பழனிச்சாமிங்க!"

மேலே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கருவலூர்க்காரர் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு கட்டி நாலாவதுக்கு நிக்கறது நீங்கதானுங்களா?"

"என்னங்க பேசறீங்க! என்ற ஊட்டுக்காரி காதுல உழுந்தா என்னைய அடிச்சே போடுவாளுங்க!"

"தண்ணி வேற போடறதா..."

"நா மாலை போட்டு வெரதம் இருக்கறவனுங்க!" என்று கருவலூர்க்காரர் கழுத்தைக் காட்டினார்.

"காத்தாலகூட ரெண்டு கொடம் குடிச்சாருங்க. நானே ஊத்துனேன்" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

கருவலூர்க்காரர் டிராக்டரைக் கிளப்பி அண்ணன் மேலேயே ஏற்றிவிடுவாரோ என்று நான் பயந்துபோனேன். அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து பூங்கொடி வந்தாள். டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னால் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். பின்னால் போய்ப் புதுக் கலப்பையைப் பார்த்தாள், சங்கிலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, டிராக்டருங்கப்பா! அவரு சொன்னது டிராக்டரைங்கப்பா!"

அவள் அப்பாவுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவரும் சிரித்தார். ஆனால் பெண்ணைப் பெற்றவர் அல்லவா, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "செரிங்க. டிராக்டர் எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. இந்தப் பழனிச்சாமி எப்படிங்க? அதச் சொல்லுங்க" என்று என்னைக் காட்டினார்.

அண்ணன் அடியிலிருந்து வெளியே வந்தார். மண்ணைத் தட்டினார். என்னைப் பார்த்தார். இடுப்பால் இடித்துப் பார்த்துவிடப் போகிறார் என்று நான் காலை ஊன்றிக்கொண்டேன். என் வாழ்க்கையே அந்த மனுஷரின் வாயில் இருந்தது. அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் அத்தனை பயம்.

"அவனுங்களா?" என்றார் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவன் நம்ம பையனுங்க. எப்படின்னு கேட்டா என்னத்தங்க சொல்றது? கடையத் தொறக்கறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து, 'டீ குடிச்சாச்சுங்களாண்ணா'ம்பான். நா குடிச்சுப்போட்டுத்தான் வந்திருப்பனுங்க. ஆனாலும் இல்லீன்னு சொல்லுவேன். அவங்கூட உக்காந்து குடிக்கறதுக்குத்தானுங்க."

பூங்கொடி சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் அப்பா மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, "உள்ள வாங்க. ஊட்டுல பேசிக்கலாமுங்க" என்றார். டிராக்டருக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

உறுதி வார்த்தை அன்றைக்கே முடிவாகிவிட்டது. உள்ளே என்ன பேசினார்கள், என்ன பலகாரம் வைத்தார்கள் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. நாய்க்கும் டிராக்டருக்கும் 'ங்க' போட்ட மனுஷர் என்னை மட்டும் 'அவன்' என்று சொல்லிவிட்டாரே, அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் கூடிவந்ததைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. பூங்கொடிக்கும் இது தெரியும்.